சிங்கப்பூர் – நியூவர்க்: 15,344 கி.மீ.யை 900-ஆல் வகுத்தால் கணக்கு இடிக்கிறதே?

மலைக்கோட்டை_மணி | மே 14, இரவு 9:12

வணக்கம். ஜூன் 10-ஆம் தேதி இரவு சிங்கப்பூரிலிருந்து, நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க் போகிறேன். மகன் சிங்கப்பூரில், மகள் நியூ ஜெர்சியில். நானும் மனைவியும் திருச்சியிலிருந்து கிளம்பி, மகன் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு, அங்கிருந்து மகள் வீட்டுக்கு.

மின்வாரியத்தில் மீட்டர் கணக்குப் பார்த்தே வயதானவன் நான். கணக்கு ஒட்டாவிட்டால் தூக்கம் வராது. இரு விமான நிலையங்களுக்கும் இடையே 15,344 கி.மீ. என்று போட்டிருக்கிறது. விமானத்தின் வேகம் ஏறத்தாழ 900 என்கிறார்கள். வகுத்தால் 17 மணி 3 நிமிடம். டிக்கெட்டிலோ 18 மணி 25 நிமிடம். நடுவில் 1 மணி 22 நிமிடம் எங்கே போனது?

இன்னொரு குழப்பம். புறப்பாடு இரவு 11:35, சேர்வது மறுநாள் காலை 6:00. அதைப் பார்த்துவிட்டு மனைவி, "ஆறரை மணி நேரம்தானே, திருச்சி–சென்னை இரவு பஸ் மாதிரி" என்கிறார். அவரைத் திருத்தும் அளவுக்கு எனக்கே தெளிவில்லை.

---

தெம்பனிஸ்_அம்மா | மே 14, இரவு 9:40

அம்மாவிடம் இரவு பஸ் என்றே சொல்லி அழைத்து வாருங்கள் ஐயா, உண்மை தெரிந்தால் கிளம்பமாட்டார்!

டிக்கெட்டில் இருக்கும் நேரம் அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். சிங்கப்பூர் 8 மணி நேரம் முன்னால், ஆகவே இரவு 11:35 அங்கே பிற்பகல் 3:35. நியூவர்க் கோடையில் 4 மணி நேரம் பின்னால், ஆகவே காலை 6:00 அங்கே காலை 10:00. பிற்பகல் 3:35-இலிருந்து மறுநாள் காலை 10:00 வரை 18 மணி 25 நிமிடம். சரியாக ஒட்டுகிறது.

கோடையில் இரு ஊருக்கும் வித்தியாசம் மிகச் சரியாக 12 மணி நேரம் என்பதுதான் இதில் வேடிக்கை. முள் வைத்த கைக்கடிகாரம் கட்டுகிறவராக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பகல் இரவாகும், முள் அதே இடத்தில் நிற்கும்.

---

ஓடுபாதை07 | மே 14, இரவு 10:05

தொலைந்த 1 மணி 22 நிமிடத்தில் ஒரு பகுதி தரையிலேயே இருக்கிறது. டிக்கெட்டில் போடும் காலம் வானத்தில் பறக்கும் காலம் அல்ல. வாயிலிலிருந்து விமானத்தைப் பின்னே தள்ளும் நொடியிலிருந்து, அந்தப் பக்கம் வாயிலில் போய் நிறுத்தும் நொடி வரை. சிங்கப்பூரின் சாங்கி நிலையத்தில் வரிசையில் நின்று ஓடுபாதைக்குப் போவது, நியூவர்க்கில் இறங்கி ஊர்ந்து வருவது எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் எளிதாகப் போய்விடும். ஏறும்போதும் இறங்கும்போதும் 900 கிடையாது. மிச்சத்தைப் பாதை தின்கிறது. அதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

சந்தேகப்பிராணி | மே 14, இரவு 10:31

எந்தப் பாதை? என்னிடம் உள்ள உலகப் படத்தில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் இலங்கை, அரபு நாடுகள், வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று போகிறது. ஆனால் போய் வந்த என் மைத்துனன் ஜப்பான் பக்கம் போனதாகச் சொல்கிறான். ஒருவன் கிழக்கே போனான், படம் மேற்கே போகிறது. யாரை நம்புவது?

---

பூகோள_வாத்தியார் | மே 15, காலை 6:20

படத்தை நம்பாதீர்கள். மைத்துனரை நம்பலாம். ஆனால் 15,344 என்ற எண் அவர் போன பாதையும் அல்ல, நீங்கள் போட்ட கோடும் அல்ல.

வீட்டில் சாத்துக்குடி இருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பு இருக்கும் குழி வட துருவம். பழத்தின் இடுப்பில், ஏறத்தாழ நிலநடுக்கோட்டின் மேல், பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அது சிங்கப்பூர் (வட அட்சம் 1.36). இப்போது பழத்தைப் பாதி சுற்று சுற்றி, நேர் மறுபக்கத்தில், இடுப்புக்கும் காம்புக்கும் நடுவே சற்றுக் கீழே தள்ளி இன்னொரு புள்ளி. அது நியூவர்க் (வட அட்சம் 40.69). சிங்கப்பூர் கிழக்கு 104 பாகை, நியூவர்க் மேற்கு 74 பாகை. கூட்டினால் 178. முழுப் பாதி சுற்றுக்கு இரண்டே பாகை குறைவு. ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. நேராகக் காம்பை நோக்கி ஏறி மறுபக்கம் இறங்கும்.

ஆகவே இந்த ஒரு தடத்துக்குத் திரிகோணமிதி சூத்திரமே வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 90 – 1.36 = 88.64 பாகை. துருவத்திலிருந்து நியூவர்க்குக்கு 90 – 40.69 = 49.31 பாகை. மொத்தம் 137.95. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் பெருக்கினால் 15,340. நீங்கள் பார்த்த எண்ணுக்கு 4 கி.மீ. குறைவு, அவ்வளவுதான். பூமி துருவத்தில் சற்றுத் தட்டையாக இருப்பதால் வரும் பிசிறு அது.

அந்த நூல் வட துருவத்துக்கு 250 கி.மீ.க்கும் குறைவான தொலைவில் கடந்து, சைபீரியா, மங்கோலியா, சீனா, தாய்லாந்து வழியாகச் சிங்கப்பூரில் இறங்கும். தினமும் அந்த நூல் மேலேயே விமானம் போகிறது என்று நான் சொல்லவில்லை. தூரம் என்று போடுவது நூலின் நீளத்தைத்தான்.

---

மலைக்கோட்டை_மணி | மே 15, காலை 8:02

வாத்தியாரையா, செய்து பார்த்தேன். நூல் வழுக்கிக்கொண்டே இருந்தது, கடைசியில் ரப்பர் பேண்டு போட்டேன். தானாகக் காம்பை ஒட்டிப் போய் உட்கார்ந்துகொண்டது. ஐம்பது வருடமாகச் சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்து உலகம் செவ்வகம் என்றே நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

சிங்கப்பூரை மனைவி பிழிந்துவிட்டார். சாறு நன்றாக இருந்தது.

---

இரவுப்பணி | மே 15, மாலை 4:45

பாதை வகுக்கும் வேலையில் சில வருடம் இருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பாதை ரயில் தண்டவாளம் போலப் பதித்து வைத்தது அல்ல. ஒவ்வொரு நாளும் புதிதாக வரையப்படுகிறது. அன்றைய காற்று, வானிலை, எந்த நாட்டு வான்வெளி திறந்திருக்கிறது, எவ்வளவு எரிபொருள், எவ்வளவு எடை எல்லாம் போட்டு, எந்தத் தடத்தில் நேரமும் எரிபொருளும் குறைவு என்று கணினி பார்க்கிறது. நாங்கள் தேடுவது குறைந்த தூரம் அல்ல, குறைந்த நேரம்.

10, 11 கி.மீ. உயரத்தில், நம் பாதி உருண்டையின் நடு அட்சங்களில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் காற்று ஆறுகள் உண்டு. ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் அது மிகப் பலம். அதை முதலில் முறையாக அளந்தவர்களில் ஒருவர் ஓயிஷி வசபுரோ என்ற ஜப்பானிய வானிலையாளர். 1920-களில் பலூன் விட்டு அளந்தார். முடிவுகளை 1926-இல் எஸ்பெராண்டோ என்ற, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட மொழியில் வெளியிட்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று நினைத்தார், பாவம். ஏறக்குறைய யாரும் படிக்கவில்லை.

விமானம் காற்றுக்குள் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. போகிறது. அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் தரைக்கணக்கு மாறும். ஓர் உதாரணக் கணக்கு: நேர் நூல் 15,344 கி.மீ., எதிர்காற்று சராசரி 50 என்றால் 15,344 ÷ 850 = 18 மணி நேரம். பசிபிக் வழியாகச் சுற்றி 16,400 கி.மீ., பின்காற்று சராசரி 80 என்றால் 16,400 ÷ 980 = 16 மணி 44 நிமிடம். ஆயிரம் கி.மீ. அதிகம் பறந்து ஒன்றேகால் மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரலாம். சந்தேகப்பிராணியின் மைத்துனர் ஜப்பான் பக்கம் போனது அதனால்தான்.

துருவத்தை ஒட்டிய தடத்துக்கு இப்போது இன்னொரு சிக்கல். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் பல நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளிக்குள் போவதில்லை. வாத்தியாரின் நூலோ சைபீரியாவை நெடுக்காகக் கிழித்துக்கொண்டு போகிறது.

---

சந்தேகப்பிராணி | மே 15, மாலை 5:30

காற்று எல்லாம் இருக்கட்டும். பூமி கிழக்கு நோக்கிச் சுற்றுகிறது. விமானம் மேற்கே போனால் நியூயார்க் தானாக எதிரே வரவேண்டாமா? நிலநடுக்கோட்டில் சுழற்சி வேகம் மணிக்கு 1,670 கி.மீ. என்று படித்திருக்கிறேன். அதைப் பயன்படுத்தாமல் ஏன் கிழக்கே போய்க் காசை வீணாக்குகிறார்கள்?

---

இரவுப்பணி | மே 15, மாலை 5:52

ஓடும் மலைக்கோட்டை விரைவு ரயிலில் நின்ற இடத்தில் குதித்துப் பாருங்கள். பெட்டி உங்களை விட்டுவிட்டு முன்னே போகிறதா? இல்லை. நீங்களும் அதோடு ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். பூமியோடு காற்றும் சுற்றுகிறது, காற்றில் மிதக்கும் விமானமும் சுற்றுகிறது. ஓடுபாதையில் நிற்கும்போதே அந்த வேகம் அதற்கு உண்டு. தரைக்கு மேல் காற்று தனியாக எவ்வளவு நகர்கிறது என்பது மட்டும்தான் எங்களுக்குக் கணக்கு.

---

பனிக்கால_பயணி | மே 15, இரவு 11:18

ஜனவரியில் இதே தடத்தில் போனேன். தூக்கம் வராமல் முன்னிருக்கைத் திரையில் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜப்பானைத் தாண்டியதும் தரைவேகம் 1,090, 1,120 என்று ஏறியது. ஒரு கட்டத்தில் 1,160. வெளியே வெப்பநிலை மைனஸ் 61. விமானம் கொஞ்சம்கூட அதிரவில்லை, மேசையில் இருந்த தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. பக்கத்து இருக்கைக்காரரை எழுப்பிச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன், அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு தூங்கினார்.

திரும்பும்போது அதே பசிபிக் வழியில் எதிர்காற்றில் முட்டிக்கொண்டு வருவோம் என்று நினைத்தால், விமானம் அட்லாண்டிக் பக்கம் திரும்பி ஐரோப்பா மேலே வந்தது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. வீடு திரும்பியபோது உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றியிருந்தேன்! எந்தப் படத்தையும் பார்க்காமல் தூங்கியிருந்தால் எனக்கே தெரிந்திருக்காது.

---

ஓடுபாதை07 | மே 16, காலை 7:10

துருவத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, ஏறக்குறைய நேர் எதிரெதிரே இருக்கும் ஊர்களுக்குத்தான் இந்த வசதி. கிழக்கு, மேற்கு, வடக்கு மூன்றும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்தால், காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகலாம்.

இன்னொரு செய்தி. இதே சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே நிலையத்துக்குப் போனால் 15,349 கி.மீ. நியூவர்க்கைவிட 5 கி.மீ. அதிகம். "உலகின் மிக நீண்ட பயணிகள் தடம்" என்ற பட்டம் அந்த 5 கி.மீ.யில்தான் கைமாறியது. சாங்கியிலேயே ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

---

தெம்பனிஸ்_அம்மா | மே 16, காலை 9:25

ஐயா, டிக்கெட் விலையைப் பார்த்து மூச்சு நின்றதா? இந்த விமானத்தில் சாதாரண வகுப்பே கிடையாது. 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, மொத்தம் 161 பேர்.

---

இரவுப்பணி | மே 16, காலை 10:14

அதற்குக் காரணம் எரிபொருள். ஏ350-900 யுஎல்ஆர் என்ற இந்த வகையின் தொட்டிகள் 1,65,000 லிட்டர் கொள்ளும். முழுக்க நிரப்பினால் 130 டன்னுக்கு மேல். விமானம் மேலெழும்போது இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 280 டன். கிட்டத்தட்டப் பாதி எரிபொருள். முதல் பாதித் தூரத்தில் எரியும் எண்ணெயில் கணிசமான பங்கு, பின்பாதிக்கான எண்ணெயைத் தூக்கிச் செல்லவே எரிகிறது. கட்டுச்சோறு சுமப்பதற்கே பசி எடுக்கும் கதை. ஆளைக் கூட்டினால் தூரம் குறையும்.

இதே தடத்தைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூனில் ஏ340-500 வைத்துத் தொடங்கியது. நான்கு எஞ்சின். எண்ணெய் விலை ஏற ஏறக் கட்டுப்படியாகவில்லை. 2008-இல் வெறும் 100 பிசினஸ் இருக்கைகளாக மாற்றிப் பார்த்தார்கள், அப்படியும் 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டே எஞ்சினில் அதே தூரம் போகும் ஏ350 வந்தபின் 2018 அக்டோபர் 11-ஆம் தேதி மீண்டும் தொடங்கியது. முதல் நாள் விமானம் 18 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. உள்ளே நான்கு விமானிகள், முறைவைத்துத் தூங்குவார்கள்.

---

கணக்குப்பிள்ளை_கரூர் | மே 16, பகல் 1:40

எல்லாம் சரி ஐயா, அடிப்படையையே யாரும் கேட்கவில்லையே. திருச்சிக்காரர் எதற்குச் சிங்கப்பூர் வழியாக அமெரிக்கா போக வேண்டும்? திருச்சி–சிங்கப்பூர் ஏறத்தாழ 2,985 கி.மீ., அதன்பின் 15,344. மொத்தம் 18,300-ஐத் தாண்டுகிறது. சென்னை–துபாய் சுமார் 2,940, துபாய்–நியூயார்க் சுமார் 11,000. மொத்தம் 14,000-க்குள். நான்காயிரத்துச் சொச்சம் கி.மீ. வீண்.

---

மலைக்கோட்டை_மணி | மே 16, பகல் 2:15

வீண் இல்லை ஐயா. அந்த நான்காயிரத்துச் சொச்சத்தின் முனையில் ஒன்றரை வயதுப் பேரன் இருக்கிறான்.

---

கணக்குப்பிள்ளை_கரூர் | மே 16, பகல் 2:18

அதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். மன்னிக்கவும்.

---

ஈசூன்_செல்வி | மே 16, இரவு 8:50

திரும்பி வரும் டிக்கெட்டைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், எங்கள் குடும்பத்தில் பட்டது. என் அத்தை ஜேஎஃப்கே-யில் சனிக்கிழமை இரவு பத்தரை மணிவாக்கில் ஏறினார். சிங்கப்பூரில் சேரும் நேரம் அதிகாலை ஐந்தேகால் என்று இருந்தது. என் கணவர் ஞாயிறு விடிகாலை நாலரைக்கே சாங்கி போய், கையில் காபியோடு நின்றார். அத்தையின் விமானம் பலகையில் இல்லை. அத்தையின் தொலைபேசி அணைந்திருந்தது. ஆறரைக்கு எனக்கு அழைப்பு, குரல் நடுங்குகிறது. டிக்கெட்டை எடுத்துப் பார்த்தால், சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் "+2".

சனி இரவு ஏறினால் திங்கள் காலைதான் வந்து சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வானத்திலேயே கழிந்துவிடுகிறது. மறுநாள் அவர் மறுபடியும் நாலரைக்குக் கிளம்பினார். இந்த முறை காபி வாங்கவில்லை.

---

சந்தேகப்பிராணி | மே 17, காலை 7:45

அப்படியானால் போகும்போது பசிபிக் நடுவே தேதி மாறும் அந்தத் தேதிக் கோட்டைத் தாண்டினால் ஒரு நாள் கிடைக்கும், அட்லாண்டிக் வழியாகப் போனால் கிடைக்காது. மணி ஐயாவின் விமானம் அன்று வழி மாறினால் அவர் சேரும் தேதியும் மாறுமா?

---

பூகோள_வாத்தியார் | மே 17, காலை 8:30

மாறாது. நியூவர்க்கில் அன்று என்ன தேதியோ அதுதான். நீங்கள் எந்தச் சந்து வழியாக வந்தீர்கள் என்று ஊர்க் கடிகாரம் கேட்பதில்லை.

ஆனால் வழியில் பார்ப்பது மாறும். ஜூனில் பசிபிக் வழி என்றால், கிளம்பி மூன்று நான்கு மணி நேரத்தில், ஜப்பான் பக்கமே விடிந்துவிடும். கிழக்கே போகிறவருக்குப் பகல் சுருங்கும். அன்றைய சூரியன் கனடா மேலே மறையும், சில மணி நேரத்தில் மறுபடியும் விடியும். பதினெட்டரை மணி நேரத்தில் இரண்டு விடியல். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஜூன் 11, தாண்டியதும் ஜூன் 10, நியூவர்க்கில் மீண்டும் ஜூன் 11. ஒரே தேதிக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள்.

1522-இல் மேற்கு நோக்கியே உலகைச் சுற்றி வந்த மகெல்லனின் ஆட்கள் கேப் வெர்டே தீவில் இறங்கியபோது, தங்கள் குறிப்பேட்டில் புதன்கிழமை, கரையில் வியாழன். தினமும் ஒழுங்காகக் குறித்து வந்த பிகஃபெட்டாவுக்குத் தலை சுற்றியது. தேதிக் கோடு என்ற ஏற்பாடு அப்போது இல்லை. ஈசூன் அம்மாவின் கணவருக்கு நல்ல துணை.

---

மலைக்கோட்டை_மணி | ஜூன் 12, இரவு 7:05 (நியூ ஜெர்சி)

வந்து சேர்ந்தோம். காத்திருப்பவர்களுக்காகக் கணக்கு.

வாயிலிலிருந்து தள்ளியது 11:41. சக்கரம் மேலெழுந்தது 12:02. தரை தொட்டது காலை 5:43. வாயிலில் நின்றது 5:55. ஆக வானத்தில் 17 மணி 41 நிமிடம், தரையில் 33 நிமிடம், மொத்தம் 18 மணி 14 நிமிடம். பசிபிக் வழிதான். திரையில் நான் பார்த்த அதிகபட்ச வேகம் 1,034. ஜூனில் காற்றுக்குப் பலம் குறைவு போலும்.

வாத்தியாரையா, இரண்டு விடியலையும் பார்த்தேன். முதலாவது கீழே வெறும் மேகம், ஓரத்தில் ஒரு செம்பட்டை. எல்லோரும் ஜன்னலை மூடச் சொன்னார்கள், விரலகலம் திறந்து வைத்துக்கொண்டேன். இரண்டாவதற்குள் இறங்கவே ஆரம்பித்துவிட்டது.

மனைவிக்கு இரவு பஸ் இல்லை என்பது மூன்றாவது சாப்பாடு வந்தபோது புரிந்தது. "இன்னும் விழுப்புரமே தாண்டவில்லையா?" என்றார்.

கைக்கடிகாரத்தைத் தொடவில்லை. இறங்கியதும் மகள் மணி கேட்டாள். கையைப் பார்த்துச் சரியாகச் சொன்னேன், அவள்தான் குழம்பிப்போனாள்.

---

மலைக்கோட்டை_மணி | நவம்பர் 2, காலை 9:20 (நியூ ஜெர்சி)

பழைய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். ஊர் திரும்ப இன்னும் மூன்று வாரம். இன்று அதிகாலை இங்கே கோடை நேரம் முடிந்து ஒரு மணி நேரம் பின்னே வைத்துவிட்டார்களாம், எனக்குத் தெரியாது. வழக்கம்போலக் கையைப் பார்த்து, இங்கே இரவு எட்டரை, அங்கே பேரன் காலை எட்டரைக்கு எழுந்துவிடுவான் என்று தினமும் அழைக்கும் கணக்கு வைத்திருந்தேன். இனி வித்தியாசம் 13 மணி நேரமாம்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஜூன் மாதத்துக்குப் பிறகு முதல் முறையாகக் கடிகாரத்தின் திருகை வெளியே இழுத்தேன். துருப்பிடித்தது மாதிரி இறுகியிருந்தது. மனைவி புடவை ஊசியால் நெம்பிக் கொடுத்தார்.